ஒண்ணு விடாம எடுத்து வெச்சேன்

வாம்மா செண்பகம், வா. செருப்பை அங்கேயே விட்டுடு. அந்த நாற்காலி வேண்டாம், அது நொண்டும், இதிலே உட்காரு. அத்தான் இப்போதான் கண் அசந்திருக்கார். குழாய் வழியாக் கஞ்சி உள்ளே போனதும் ஒரு சின்னத் தூக்கம் வரும். எழும்பிடுவார். அதுவரைக்கும் நாம பேசிக்கிட்டிருப்போம். மெதுவாப் பேசணும்னு இல்லை, சாதாரணமாவே பேசு. இங்கே வர்றவங்க ரெண்டு வகை. பாதிப் பேர் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி கிசுகிசுப்பாங்க. மீதிப் பேர் அவர் காதுகிட்டே போய், "சார், நல்லாயிருக்கீங்களா சார்"னு கத்துவாங்க. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்மா. கண்ணும் நல்லாத் தெரியும். பேச்சுதான் இல்லை. கைதான் இல்லை. கால்... சரி, அது எதுக்கு இப்போ.

அத்தான்னு சொல்றேன்னு பாக்கறியா? அத்தை மகன்தான், அந்தப் பழக்கம். உங்களுக்கெல்லாம் சிதம்பரநாதன் சார். பாளையங்கோட்டையிலே எந்தக் கடைக்குப் போனாலும் "சார்கிட்டே பாலிடெக்னிக்கிலே படிச்சேன் அக்கா"ன்னு ஒருத்தன் நிப்பான். படிச்சதுங்க எல்லாம் பாக்க வருதுங்க, வரலைன்னு சொல்ல மாட்டேன். வரும்போது ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருதுங்க. எச்சில் விழுங்க முடியாத மனுஷனுக்கு ஆரஞ்சு! நீ ஒருத்திதான் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்திருக்கே. புத்தியுள்ளவ.

மதிதானே உன்னை அனுப்பினா? என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். "அம்மா எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க." அதானே? சொல்லு, பரவாயில்லை. தலையைக் குனியாதே. என் வயித்திலே பிறந்தவ, அவ நாக்கு எனக்குத் தெரியாதா? இப்போ நடந்தது என்னன்னு நான் சொல்றேன், கேட்டுட்டு நீயே தீர்ப்பு சொல்லு. நான் கான்வென்ட்லே படிச்சவ. பொய் சொன்னா மதர் பெர்னதெத் முட்டி போட வைப்பாங்க. தமிழ்லே பேசினாலும் முட்டிதான். அதனாலே எனக்கு ரெண்டும் பழகலை, பொய்யும் சரி, செந்தமிழும் சரி.

முதல்லே நாக்குதான் தடுமாறிச்சு. வகுப்பிலே பசங்க சிரிக்கிறாங்கன்னு வந்து சொன்னார். குடிச்சுட்டு வந்தார்னு ஒருத்தன் பேசினானாம். காபி தவிர ஒண்ணையும் தொடாத மனுஷன். மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். நரம்பு வியாதி, பேச்சு போகும், கை போகும், அப்புறம் ஒவ்வொண்ணாப் போகும், புத்திக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதுன்னார் டாக்டர். அதை ஒரு நல்ல சேதி மாதிரி சொன்னார் அந்தப் புண்ணியவான்.

டாக்டர் கேக்கற கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். பின்னே? அவர் "எ... எ..."ன்னு ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ளே வெளியே காத்திருக்கிறவங்க கதவைத் தட்டுவாங்க. எனக்குத் தெரியாததா அவர் சொல்லப் போறார்? ராத்திரி எத்தனை தடவை எழும்பறார், எந்தக் கை மரத்துப் போகுது, எல்லாம் எனக்குத்தான் தெரியும். அவரைவிட எனக்கு நல்லாத் தெரியும்.

அந்தக் கோடை முழுக்க அவர் கம்ப்யூட்டரை விட்டு எழும்பலை. அந்த லினக்ஸ். கறுப்புத் திரையிலே வெள்ளை எழுத்து ஓடுமே, அது. உனக்குச் சொல்லணுமா. ஊரிலே எல்லாரும் விண்டோஸ் வெச்சிருக்கும்போது இவருக்கு மட்டும் அது ஆகாது. "வடிவு, இது என் சொல் பேச்சு கேக்கும்"பார். கை கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டிருந்துச்சு. இருக்கிற நாள்லே மதிக்கு வரன் பாப்போம், பத்திரத்தை எல்லாம் எடுத்து ஒழுங்கு பண்ணுவோம்னு நான் சொன்னா, "இரு"ன்னு கை காட்டுவார். ஒரு விரலாலே தட்டிக்கிட்டே இருப்பார்.

பிறகுதான் தெரிஞ்சுது என்ன பண்ணினார்னு. கீபோர்டுலே விரல் எட்டற தூரத்திலே இருக்கிற நாலஞ்சு கட்டையை மட்டும் எடுத்துக்கிட்டார். இந்தக் கட்டையை ரெண்டு தடவை தட்டினா ஒரு வாக்கியம். இதையும் அதையும் தட்டினா வேற வாக்கியம். தட்டினதும் திரையிலே முழுசா எழுதிடும், கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுப் படிக்கும். குரலா அது! துரை தமிழ் படிக்கிற மாதிரி ஒரு குரல். ஆனா வாக்கியம் அவரோடது. நெல்லையப்பர் சத்தியமா, அவரோடதுதான்.

வந்தவங்களை நான் உட்கார வெச்சு அவர் வியாதியைப் பத்திச் சொல்ல ஆரம்பிப்பேன். உள்ளேயிருந்து குரல் வரும்: "முதல்லே காபி கொடு. அப்புறம் என் கதையைச் சொல்லு." எல்லாரும் சிரிப்பாங்க. என் மூஞ்சி எங்கே போகும்? சாப்பாட்டுக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தார், அப்போ குழைச்சுக் கொடுத்தா இறங்கும். "சொதி நல்லாயில்லைன்னு சொல்லலை. யோசிச்சுக்கிட்டிருக்கேன்." மதுரைக்குப் போகும்போது கம்ப்யூட்டரை மடியிலே கட்டிக்கிட்டுப் போனோம். டாக்டர் என்னைப் பாத்து ஏதோ கேட்டார். நான் வாயைத் திறக்கறேன். கம்ப்யூட்டர் சொல்லுது: "டாக்டர், என்கிட்டே கேளுங்க. நோயாளி நான்தான்." டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஏசியைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

எந்தக் கட்டையை அதிகமாத் தட்டுவார் தெரியுமா? "வடிவு, நான் இன்னும் முடிக்கலை." நித்தம் எத்தனை தடவை! அதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். முடிக்கட்டுமே, யார் வேண்டாம்னா? அடுப்பிலே பால் இருக்கு, வாசல்லே கேஸ்காரன் நிக்கிறான், இவர் ஒரு கட்டையைத் தட்டிட்டு அடுத்த கட்டைக்கு விரலைக் கொண்டு போறதுக்குள்ளே எனக்கு நாலு வேலை முடிஞ்சுடும். அதிலேயும் அந்தக் கம்ப்யூட்டர் பழசா, வர வர மந்தமாயிடுச்சு. தட்டினா அது ஒரு நிமிஷம் யோசிக்கும். வட்டம் சுத்தும். இவர் அதைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார், நான் இவரைப் பாத்துக்கிட்டு நிக்கணும். என்னாலே முடியாதும்மா. நிக்கறதுக்குப் பிறந்தவ இல்லை நான்.

அவர் நல்லதுக்குத்தானே செஞ்சேன்? ஜங்ஷன் பக்கம் ஒரு கடையிலேருந்து ஐசக்னு ஒருத்தனைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், நாலு பேர் வீட்டுக்குச் செஞ்சவன். "அக்கா, பழசைத் துடைச்சுட்டு விண்டோஸ் போட்டுடுவோம், பறக்கும்"னான். போடுன்னேன். ஆனா முதல்லே உள்ளே இருக்கிறது எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைக்கணும், ஒண்ணு விடக் கூடாதுன்னு சொன்னேன். இந்த வார்த்தையை நீ கவனிக்கணும், செண்பகம். ஒண்ணு விடக் கூடாதுன்னு முதல்லே சொன்னது நான்.

எதிலே எடுத்து வைக்கன்னு கேட்டான். அவர் மேஜையிலே ஒரு கறுப்பு டப்பா கிடந்துச்சு, கம்ப்யூட்டரோட வயர் போட்டு. என்னன்னு ஐசக் பாத்துட்டு, "இதிலே இருக்கிறதும் கம்ப்யூட்டர்லே இருக்கிறதும் ஒண்ணுதான் அக்கா, தானா நகல் எடுத்துக்கிட்டிருக்கு"ன்னான். ஒரே சாமானை ரெண்டு அலமாரியிலே வெச்சா வீடு எப்படி இருக்கும்? அதைக் காலி பண்ணி அதிலேயே எடுத்து வைன்னேன். சரிதானே? நீ ஏன் கண்ணை மூடறே?

அன்னிக்கு நான் அவனை விட்டு நகரலை. பின்னாலேயே நின்னேன். அத்தானையும் சக்கர நாற்காலியிலே தள்ளிக்கிட்டு வந்து பக்கத்திலே வெச்சுக்கிட்டேன், அவர் கண் முன்னாடியே நடக்கட்டும்னு. ஐசக் ஹோம்னு இருந்த ஃபோல்டரைத் திறந்தான், எல்லாத்தையும் மொத்தமா நீலமாக்கினான், டப்பாவுக்கு இழுத்தான். முடிஞ்சதும் ஒவ்வொண்ணாத் திறந்து காட்டச் சொன்னேன். கல்யாண போட்டோ இருக்கா? இருந்துச்சு. மதி மார்க் ஷீட்? இருந்துச்சு. வீட்டுப் பத்திரம், ஆஸ்பத்திரிக் காகிதம், பசங்களுக்கு எழுதின பாடம், எங்க மாமனார் திவசத்துக்கு எழுதி வெச்ச சாமான் கணக்கு, எல்லாம் இருந்துச்சு. கண்ணாலே பாத்தேன். ஒண்ணு விடலை.

அன்னிக்குன்னு பாத்து அத்தான் ஒரே தொந்தரவு. அப்போ ஒரு விரல் மிச்சம் இருந்துச்சு, வலது ஆட்காட்டி விரல். கம்ப்யூட்டரை ஐசக் எடுத்துக்கிட்டதாலே அவருக்குப் பேச வழி இல்லை. என் கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டிருந்தேன். உள்ளங்கையிலே அந்த விரலாலே குத்தறார். குத்தறார், எடுக்கறார், குத்தறார். ஒரே இடத்திலே, எறும்பு கடிக்கிற மாதிரி. "தண்ணியா?"ன்னேன். கண்ணை மூடினார். எங்க வீட்டுக் கணக்கிலே மேலே பாத்தா ஆமா, மூடினா இல்லை. "பாத்ரூமா?" மூடினார். "ஐசக்குக்குக் காபியா? தரேன், முடியட்டும்." அதுக்கும் மூடினார். மறுபடியும் குத்தறார். "சும்மா இருங்க அத்தான், பாக்க விட மாட்டேங்கறீங்க"ன்னு கையை எடுத்துத் தலையணை மேலே வெச்சுட்டேன். தலையணையிலேயும் குத்திக்கிட்டுத்தான் இருந்தார். பிறகு ஐசக் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினான். திரை நீலமாச்சு. அத்தான் விரலை நிறுத்திட்டார்.

புதுசு பறந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். திறந்தா திறந்துக்கும். ஆனா அவர் கட்டையைத் தட்டினா வாக்கியம் வரலை. ஐசக்கைக் கேட்டேன். "அது அந்த லினக்ஸோட செட்டிங் அக்கா, இதிலே வராது"ன்னான். சரி, அவர்தான் கெட்டிக்காரராச்சே, முன்னாடி செஞ்சவர் மறுபடியும் செஞ்சுக்கட்டும்னு விட்டேன். விரல் எட்டற அந்த நாலஞ்சு கட்டையையே தட்டிக்கிட்டிருந்தார். திரை முழுக்க ஜே கே ஜே எச் கே ஜேன்னு பக்கம் பக்கமா வந்துச்சு. நான் துடைப்பேன். திரும்பி வந்து பாத்தா மறுபடியும் ஒரு பக்கம். எனக்குப் பயமாப் போச்சு. டாக்டருக்குப் போன் பண்ணினேன். "டாக்டர், புத்திக்கு ஒண்ணும் ஆகாதுன்னீங்களே, இவர் குழந்தை மாதிரி தட்டிக்கிட்டிருக்கார்"னு. அத்தான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். அதுக்கப்புறம் தட்டலை.

கோபம்னு நினைச்சேன். அவருக்குக் கோபம் வந்தா அப்படித்தான், நாள் கணக்கிலே பேச மாட்டார். நல்லா இருந்த காலத்திலேயே அப்படித்தான். பிறகு சளி கட்டி ஆஸ்பத்திரியிலே போட்டோம். அங்கே படுத்து எழும்பும்போது அந்த விரலும் போயிடுச்சு.

அப்போதான் மதி வந்தா, ஹைதராபாதிலேருந்து. வந்ததும் அவங்கப்பாகிட்டே போனா, கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து முன்னாடி வெச்சா, திறந்தா.

"அம்மா, அப்பாவோட சிஸ்டம் எங்கே?"

"இதுதான். புதுசாப் போட்டாச்சு."

"பழசு?"

"எல்லாம் டப்பாவிலே இருக்கு. ஒண்ணு விடாம எடுத்து வெச்சேன்."

டப்பாவை எடுத்தா. அதிலே என்னத்தையோ தட்டினா, என்னத்தையோ தேடினா. "மறைஞ்சிருக்கிற ஃபைலையெல்லாம் எடுக்கலையா?"ன்னா. மறைஞ்சிருக்கிறதை நான் எப்படிட்டி எடுப்பேன்? எனக்கு என்ன ஞானக் கண்ணா? அப்போதான் சொல்றா, லினக்ஸிலே ஒரு பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சுட்டா அது கண்ணுக்குத் தெரியாதாம். இருக்குமாம், ஆனா தெரியாதாம். செட்டிங் எல்லாம் அங்கேதான் இருக்குமாம். மொத்தமா இழுத்தாலும் அது வராதாம், தனியாச் சொல்லணுமாம். அவர் வாக்கியம், எந்தக் கட்டைக்கு எதுன்னு எழுதினது, குரல், எல்லாம் அந்தப் புள்ளி வெச்ச ஃபோல்டருக்குள்ளேதான் இருந்துச்சாம்.

உனக்கு இதெல்லாம் தெரியும், நீ தலையாட்டறே. எனக்கு யார் சொன்னா? அவர் சொன்னாரா? மறைச்சு வெச்சது யாரு, நானா? அதுக்கும் மதிகிட்டே பதில் இருக்கு. முதல்லே அவர் அதை வெளியேதான் வெச்சிருந்தாராம். நான் ஒருநாள் குப்பைன்னு அழிச்சுட்டேனாம். ஆமா, அழிச்சிருப்பேன். திரை முழுக்கப் பேர் தெரியாத சாமானா இறைஞ்சு கிடந்தா எனக்குப் பிடிக்காது, அது அவருக்கே தெரியும். மறுபடியும் எல்லாத்தையும் எழுதி, என் கையிலே மாட்டக் கூடாதுன்னு புள்ளி வெச்சு உள்ளே தள்ளினாராம். கேட்டுக்கோ. கட்டின பெண்டாட்டிகிட்டேயிருந்து ஒளிச்சு வைக்கறது. இதுக்கு என்ன பேரு? நான் கேக்கக் கூடாது!

"எடுக்கும்போது அப்பா ஒண்ணும் சொல்லலையா?"ன்னு கேட்டா.

"என்ன சொல்வார், பேச்சுதான் இல்லையே. கையைக் குத்திக்கிட்டே இருந்தார்."

"எப்படிக் குத்தினார்?"

செஞ்சு காட்டினேன். அவ உள்ளங்கையைப் பிடிச்சு, ஒரு விரலாலே, ஒரே இடத்திலே, புள்ளி வைக்கிற மாதிரி. அவ அந்தக் கையை மூடிக்கிட்டா. என்னையே பாத்தா. பிறகு எழும்பி மொட்டை மாடிக்குப் போயிட்டா. அந்த வெயில்லே என்னத்துக்கு மாடி? கூப்பிட்டேன், இறங்கி வரலை. அவங்கப்பா மாதிரிதான், எதையும் பாதியிலே விட்டுட்டுப் போவா.

கம்ப்யூட்டருக்குள்ளே இருந்த அந்த டிஸ்க்கையும் கறுப்பு டப்பாவையும் தூக்கிட்டுச் சென்னைக்குப் போனா. ரெண்டு இடத்திலேயும் மேலேயே புதுசை எழுதியாச்சு, இனிமே கிடைக்காதுன்னுட்டாங்க. ஏதோ அரையும் குறையுமா ஒரு வாக்கியத்தோட வால் மட்டும் கிடைச்சுதாம், என்னன்னு என்கிட்டே சொல்லலை. போன்லேயும் பேசறதில்லை. வாட்ஸாப்பிலே "அப்பா ஓகே?"ன்னு ஒரு வரி. நான் "ஓகே"ன்னு ஒரு வரி.

கடைசியா இங்கேயிருந்து கிளம்பும்போது ஒண்ணு சொன்னா. "அம்மா, அவர் அதுவரைக்கும் தட்டாத வாக்கியம் நிறைய இருந்துச்சு. என்கிட்டே சொல்லியிருக்கார். பின்னாலே வேண்டியிருக்கும்னு எழுதி வெச்சிருந்தார். கடைசிக்குன்னு சிலது."

"யாருக்கு?"ன்னேன்.

"உனக்குத்தாம்மா"ன்னா.

என்னை நோகடிக்கணும்னு சொல்றா. வேற என்ன? எனக்கு என்ன எழுதி வெச்சிருப்பார். அரிசி எங்கே வாங்கணும், இன்சூரன்ஸ் யாரைப் பாக்கணும்னு இருக்கும். சொல்லாத பேச்சுக்கு எதுக்கு இவ்வளவு அழுகை? சொன்னதையே நான் பாதிதான்... இரு. எழும்பிட்டார். மூச்சு மாறுது பாரு. வா, உள்ளே வா.

அத்தான், இங்கே பாருங்க, செண்பகம் வந்திருக்கா. உங்க லேப்லே படிச்சவ, இப்போ அங்கேயே டீச்சர். மேலே பாக்கறார், தெரியுதாம். அவ உங்களுக்கு மறுபடியும் போட்டுத் தரப் போறா. லினக்ஸ்தான், அந்த விண்டோஸ் சனியன் இல்லை. விரல் வேண்டாமாம், கண்ணாலேயே தட்டலாமாம், திரையிலே நீங்க எதைப் பாக்கறீங்கன்னு அது பாத்துக்குமாம். அதுக்கு வாக்கியம் வேணும், அதை நான் சொல்றேன். நீங்க சிரமப்பட வேண்டாம்.

எழுதிக்கோம்மா. "தண்ணி வேணும்." குழாய்லே விடறதுதான், நாக்கை நனைக்கணும் அவருக்கு. "திருப்பிப் படுக்க வை." "ஃபேனைக் கூட்டு." "ஃபேனைக் குறை." "தலை வலிக்குது." "மதியைக் கூப்பிடு." "டிவி போடு." "போதும்." இவ்வளவுதான் அவருக்குத் தேவைப்படும். முப்பது வருஷமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா. படிக்கச் சொல்லு அதை, அவர் கேக்கட்டும்.

அதே துரை குரல். சரி. என்ன? கண்ணை மூடறார். தண்ணி பிடிக்கலையாம். அடுத்ததைப் படிக்கச் சொல்லு. இதுக்கும் மூடறார். ஃபேன்? மூடறார். ஏன் அத்தான், மதியைக் கூப்பிடக்கூட வேண்டாமா? தண்ணி கூடவா வேண்டாம்? திரும்பிப் படுக்க வேண்டாமா உங்களுக்கு? இல்லையாம். எல்லாத்துக்கும் இல்லையாம். வேலை மெனக்கெட்டு ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கா, நான் யோசிச்சு யோசிச்சுச் சொல்றேன், எதைச் சொன்னாலும் இல்லை. அப்போ என்னதான் வேணும்? என்ன சொல்லணும் உங்களுக்கு? நீங்களே சொல்லுங்களேன்!

...

மேலே பாக்கறார்.

இமைக்காம மேலேயே பாக்கறார், செண்பகம். நான் சொன்னதுக்குத்தான். நீங்களே சொல்லுங்கன்னேன் இல்லையா, அதுக்கு.

அந்த எழுத்து அட்டை எங்கேயோ வெச்சேன். ஆஸ்பத்திரியிலே ஒண்ணு கொடுத்தாங்க. நாம அ, ஆன்னு சொல்லிக்கிட்டே வரணும், அவர் எழுத்து வரும்போது மேலே பாப்பார், ஒவ்வொரு எழுத்தாச் சேக்கணும். ஒரு வார்த்தைக்கு ஒரு காலைப்பொழுது போகும்மா. முதல் எழுத்து வந்ததும் மீதியை நான் சொல்லிடுவேன், அவர் கண்ணை மூடிப்பார், எனக்கு எரிச்சல் வரும், பரண்லே தூக்கிப் போட்டுட்டேன். அட்டை வேண்டாம். வாயாலேயே சொல்றேன். நீ அந்த லேப்டாப்பை மூடு, இதுக்கு அது வேண்டாம்.

அ. ஆ. இ. ஈ. உ. ஊ. எ. ஏ. ஐ. ஒ. ஓ. இல்லை. சரி, மெய். க. அப்புறம் அந்த ங. ச. ஞ. ட... அடுத்து என்னது, ண. சிரிக்காதே, எனக்கு இது ஒழுங்கா வராது. இவரும் சிரிக்கிறார், கண்ணைப் பாரு, சிரிப்புதான் அது. இருங்க அத்தான், வரேன், வரேன். த. ந. ப. ம.

ம! ம-ன்னா மதி. மருந்தா? மறுபடியும் ஆஸ்பத்தி... இல்லை. இல்லை, நான் ஒண்ணும் சொல்லலை. வாயை மூடிக்கிட்டேன். பாருங்க, மூடிக்கிட்டேன். ம. மா? அதுவும் இல்லை. மி?

மூடிட்டார். இது இல்லைன்னு சொல்ற மூடல் இல்லைம்மா, அது சட்டுன்னு இருக்கும், எனக்குத் தெரியும். இது களைப்பு. மூச்சு பாரு, தூங்கறார். இவ்வளவு நேரம் கண்ணைத் தூக்கி வெச்சிருந்ததே பெரிசு.

நீ போகணும்னா போம்மா, உனக்கு வகுப்பு இருக்கும். நான் எங்கேயும் போகலை. பால் பொங்கினா பொங்கட்டும். "மி" வரைக்கும் வந்திருக்கோம். கண்ணைத் திறந்தா மறுபடியும் "மி", அப்புறம் "மீ". நீயும் ஒரு தடவை சொல்லு, எனக்கு மறந்துடக் கூடாது. "மி" வரைக்கும்.